நூறு கெஜத்துக்குள் மான் வேட்டை: தோட்டாவின் வலிமையைவிடக் குண்டின் வகையே முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்க வாசகர்களுக்கென்று தாங்கள் ஒதுக்கியுள்ள பக்கத்தில், இலையுதிர்கால மான் வேட்டைக்கு ஆயத்தமாவது குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உரிமம் பெறும் முறை, செம்மஞ்சள் நிற உடை அணிவதன் கட்டாயம், தனியார் நிலத்தில் முன் அனுமதி கேட்க வேண்டியதன் அவசியம் ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுப்போடு விளக்கியிருந்தார். ஆயினும் ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதைப் பற்றி அவர் எழுதியது ஒரே ஒரு பத்திதான். (தோட்டா என்பது உறையும் வெடிமருந்தும் குண்டும் சேர்ந்த முழுமை; குண்டு என்பது அதன் நுனியிலிருந்து பறந்து செல்லும் உலோகத் துண்டு.) அதிலும், வலிமை மிகுந்த தோட்டாவை வாங்கிவிட்டால் அருகிலிருக்கும் மானுக்கும் தொலைவிலிருக்கும் மானுக்கும் அதுவே போதும் என்ற கருத்தைச் சொல்லி முடித்துவிட்டார். மினசோட்டாவின் வடபகுதிக் காடுகளில் பல ஆண்டுகளாக வேட்டையாடி, சுட்ட மானை என் வீட்டிலேயே வெட்டி, சமைத்து, குடும்பத்தோடு உண்டு வருபவன் என்ற முறையில் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வேட்டைப் பருவம் தொடங்குமுன் வாசகர்கள் இன்னொரு பக்கத்தையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே தாயகத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வியப்பாக இருக்கலாம். இங்கே மாநில இயற்கை வளத்துறைதான் ஆண்டுதோறும் உரிமம் வழங்குகிறது. மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வழியாகவே வேட்டைப் பருவத்தை அது நடத்துகிறது. இங்கு குடியேறிய தமிழர்களில் சிலரும், குறிப்பாக இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள், உடன் பணிபுரிபவர்களோடு சேர்ந்து வேட்டைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் துப்பாக்கியும் முதல் தோட்டாப் பெட்டியும் வாங்கும் அவர்களை மனத்தில் வைத்தே இக்கடிதம்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கு மாநிலங்களின் திறந்த புல்வெளியில் முந்நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடுபவரின் தேவை வேறு; ஆஸ்பென் மரங்களும் ஹேசல் புதர்களும் ஆல்டர் சதுப்புகளும் அடர்ந்த எங்கள் காட்டில் வேட்டையாடுபவரின் தேவை வேறு. இங்கே மரத்தின்மேல் கட்டிய பரணில் அமர்ந்திருப்பவருக்கு மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் நாற்பது, ஐம்பது கெஜத் தூரத்தில்தான். நூறு கெஜம் என்பது எங்களுக்கு நெடுந்தொலைவு. வளர்ந்த வெண்வால் பெண்மானின் எடை சராசரியாக 145 பவுண்டு, கிடாவின் எடை சுமார் 170 பவுண்டு. மெலிந்த விலா எலும்புகளைத் தாண்டி நுரையீரலையும் இதயத்தையும் துளைத்து மறுபக்கம் வெளியேறுவதற்கு அந்தத் தூரத்தில் அசுரப் பலம் எதுவும் தேவையில்லை.

எவ்வளவு பலம் போதும் என்று கேட்டால், கொலராடோ மாநில விதியை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். மானைச் சுடும் ரைஃபிள் குண்டு நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் ஆற்றலே ஓர் அடி-பவுண்டு) ஆற்றலையேனும் தாங்கிச் செல்ல வேண்டும் என்று அம்மாநிலம் வரையறுத்திருக்கிறது. 1895இல் சந்தைக்கு வந்த .30-30 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடையுள்ள அதன் குண்டு விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பி, நூறு கெஜத்தை அடையும்போது 1,355 அடி-பவுண்டு ஆற்றலுடன் இருக்கிறது. இருநூறு கெஜத்தில் அந்த ஆற்றல் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு மேலாகக் கிழக்குக் காடுகளில் இந்தத் தோட்டாவைக் கொண்டே எண்ணற்ற குடும்பங்கள் குளிர்காலத்துக்குக் கறி சேர்த்தன என்பதில் வியப்பில்லை. அது பிறந்ததே இந்தத் தூரத்துக்காகத்தான்.

இதற்கு மாறாக, தொலைதூர வேட்டைக்கென்று அமைந்த .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டாவில், வேகமாக விரியும்படி மெல்லிய உறையிட்ட குண்டைப் போட்டு நாற்பது கெஜத்தில் சுட்டால் நடப்பது என்ன? அந்தக் குண்டின் உறையும் ஈய மையமும், நானூறு கெஜம் பறந்து வேகம் தணிந்த பின்னரும் விரிய வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டவை. குழல்வாய் வேகம் ஏறக்குறைய குறையாத நிலையில் அது மானின் முன்சப்பை எலும்பில் மோதும்போது விரிவதற்குப் பதிலாகச் சிதறுகிறது. தோலை உரித்த பிறகு அந்தச் சப்பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளங்கையகலத் துளையைச் சுற்றிக் கறி முழுவதும் கருஞ்சிவப்புக் கூழாகி, தசைகளுக்கு இடையிலுள்ள சவ்வுகளின் ஊடாக இரத்தம் கழுத்து வரை கசிந்து உறைந்திருக்கும், எலும்புச் சில்லுகளோடு சாம்பல் நிற ஈயத்தூளும் விரலில் ஒட்டும். அந்தச் சப்பையில் பாதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சில வேளைகளில் குண்டு சப்பையிலேயே உடைந்துபோய் நுரையீரலை எட்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. அப்படிக் காயம்பட்ட மான் ஓடி மறைந்து எங்கோ கிடந்து சாவதைவிட வேட்டைக்காரனுக்கு இழிவு வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே அருகிலிருந்து சுடுபவர் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது காலிபர் எண்ணை, அதாவது குண்டின் விட்ட அளவை, அல்ல. குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான். செப்புக் கலவை உறைக்குள் ஈயத்தை வெறுமனே அழுத்தி நுனியில் ஈயம் தெரிய விட்ட சாதாரண மென்முனைக் குண்டு ஒரு வகை. உறையோடு ஈய மையத்தை உருக்கிப் பிணைத்தது இரண்டாம் வகை. ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பால் கடைந்து, நுனியில் குழி விட்டது மூன்றாம் வகை. முழு உலோக உறையிட்ட இராணுவ வகைக் குண்டு மான் வேட்டைக்கு ஆகவே ஆகாது. அது விரியாமல் ஊசிபோல் துளைத்துச் சென்றுவிடும் என்பதால் பல மாநிலங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன.

.30-30, .35 ரெமிங்டன் போன்ற மிதவேகத் தோட்டாக்களில் சாதாரண மென்முனைக் குண்டே சீராக விரிந்து மறுபக்கம் வெளியேறும்; கறியையும் அதிகம் பாழாக்காது. இவற்றைச் சுடும் பழைய லீவர் துப்பாக்கி (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள தோட்டாவின் கூரிய உலோக நுனி, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் (அடிப்பகுதியிலுள்ள, தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்துக் குப்பியில்) அழுந்தி நிற்கும் நிலையில், சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியால் முன்னுள்ள தோட்டா குழாய்க்குள்ளேயே வெடித்துவிடக்கூடும். எனவே தட்டையான அல்லது உருண்டையான நுனி கொண்ட குண்டையோ, இத்துப்பாக்கிகளுக்கென்றே வளைந்துகொடுக்கும் மென்மையான நுனி வைத்துச் செய்த குண்டையோ மட்டுமே அந்தக் குழாயில் இட வேண்டும். கூர்நுனிக் குண்டுள்ள பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம்.

.308 வின்செஸ்டர், .30-06, .270 ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் புதிதாகத் துப்பாக்கி வாங்கத் தேவையில்லை; உறுதியான குண்டை, அதாவது மேலே சொன்ன இரண்டாம் அல்லது மூன்றாம் வகையை, தேர்ந்தெடுத்தால் போதும். இளையவர்களுக்கும் தோளில் அதிர்ச்சி தாங்காதவர்களுக்கும் .243 நல்லது, ஆனால் அதிலுள்ள சிறிய குண்டு உடையாத வகையாக இருக்க வேண்டும். ஒஹையோ, அயோவா போன்ற மாநிலங்களில் ரைஃபிளில் பெரும்பாலும் நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு (கழுத்தில் குறுகாமல் நேராக இருக்கும் உறை கொண்டவை) மட்டுமே இடமுண்டு என்பதால் அங்கிருப்பவர்கள் .350 லெஜெண்ட், .450 புஷ்மாஸ்டர் ஆகியவற்றை நாடுகிறார்கள். ஊருக்கு ஊர் விதி மாறுவதால் அந்தந்த ஆண்டின் மாநில விதிப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கட்டுரையாளர் மேலோட்டமாகத் தொட்ட ‘புதரைக் கிழித்துச் செல்லும் கனத்த குண்டு’ என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். எந்தக் குண்டும், அது எவ்வளவு கனமானதாயினும், எவ்வளவு மெதுவாகச் சென்றாலும், சுள்ளியில் பட்டால் திசை விலகக்கூடும். மான் இடைவெளியில் வந்து நிற்கும் வரை காத்திருப்பதுதான் இதற்கு ஒரே தீர்வு. தோட்டா விற்பவர் யார் என்ன சொன்னாலும் புதருக்குள் சுடக் கூடாது. புதருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது அல்லவா?

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். அது ஈயம். 2008ஆம் ஆண்டு பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த மான் கொத்துக்கறியை மருத்துவர் ஒருவர் ஸ்கேன் செய்து பார்த்தபோது, அதில் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்குகள் புள்ளி புள்ளியாகத் தென்பட்டன. மாநிலச் சுகாதாரத் துறை அந்தக் கறியை அப்புறப்படுத்துமாறு உணவு வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் மினசோட்டாவிலும் நன்கொடைக் கறியைச் சோதித்தபோது, கொத்துக்கறிப் பொட்டலங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் ஈயம் இருந்தது. முழுத்துண்டுகளில் அது மிக அரிதாகவே காணப்பட்டது. காயத்தை ஒட்டிய சிறுசிறு துண்டுகளெல்லாம் கொத்துவதற்குத்தான் போகின்றன என்பதால் இது எதிர்பார்க்கத் தக்கதே.

அந்த ஆண்டே மினசோட்டா இயற்கை வளத்துறை ஓர் ஆய்வு செய்தது. செம்மறி ஆடுகளின் உடல்களில் பல வகைக் குண்டுகளைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சுட்ட தூரம் 50 மீட்டர்தான். அதாவது எங்கள் காட்டின் தூரமே. வேகமாக விரியும் ஈயக் குண்டு ஓர் உடலில் சராசரியாக 141 துணுக்குகளை விட்டுச் சென்றது. சாதாரண மென்முனைக் குண்டு 86 துணுக்குகளை விட்டது. ஈய நுனி வெளியே தெரியும் பிணைப்புக் குண்டும் ஏறக்குறைய அதே அளவு விட்டது. ஈயத்தை முழுவதும் மூடி வைத்த குண்டு 9 துணுக்குகளும், முழுச் செம்புக் குண்டு சராசரியாக 2 துணுக்குகளும் மட்டுமே விட்டன. ஈயத் துணுக்குகள் குண்டு சென்ற பாதையிலிருந்து ஓரடி தூரம் வரை பரவியிருந்தன என்பதுதான் எனக்குப் பேரதிர்ச்சி தந்த செய்தி. காயத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமாயிற்று என்று நினைப்பவர்கள் இங்கே மிகப் பலர்.

இந்த ஆய்வில் தமிழ்ச் சமையலறைக்கு நேராகத் தொடர்புடைய முடிவு ஒன்றும் உண்டு. கறியை நீர் விட்டு அலசியபோது காயத்தை ஒட்டிய ஈயம் குறைந்தாலும், அது மற்றப் பகுதிகளுக்குப் பரவியது. நான்கு தண்ணீர் ஊற்றிக் கறியைக் கழுவும் நம் வழக்கம் வேறெதற்கு நன்மை செய்தாலும் ஈயத்துக்கு உதவாது. அதைப் போலவே புளிப்பும். ஈயத் துகள் கிடக்கும் பறவைக் கறியை வினிகர் சேர்த்துச் சமைத்தபோது கூடுதலான ஈயம் கறியில் இறங்கியதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காடைகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். தயிரிலும் எலுமிச்சையிலும் ஊற வைத்து, தக்காளியும் புளியும் சேர்த்து நெடுநேரம் வேக வைக்கும் நம் குழம்பில் ஈயத் துணுக்கு கிடந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுட்டு வாட்டி உண்ணும் அமெரிக்க வீட்டைவிட நம் வீட்டில் இந்தக் கவனம் கூடுதலாகவே வேண்டும்.

மிகைப்படுத்தி அச்சமூட்டுவதும் தவறு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வடக்கு டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. வேட்டைக்கறி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம்தான். சோதிக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அன்றைய எச்சரிக்கை எல்லையான 10 மைக்ரோகிராம் எட்டவில்லை. எனினும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. குழந்தைகளுக்கான எச்சரிக்கை எல்லையை அதே மையம் 2021இல் 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. வளரும் மூளைக்கும் கருவிலிருக்கும் சிசுவுக்கும் ஈயம் செய்யும் கேடு திரும்பச் சரிசெய்ய முடியாதது. உறைபெட்டி நிறைய மான்கறி இருக்கும் வீட்டில் குழந்தைகள் அதை மாதக்கணக்கில் உண்கிறார்கள். பெட்டிக்குச் சில டாலர் கூடுதலாகக் கொடுத்தால் தவிர்க்கக்கூடிய ஒன்றை ஏன் அவர்கள் தட்டில் வைக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

காட்டில் விட்டு வரும் குடலும் கழிவும் கழுகுகளுக்கு இரை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராப்டர் மையம் என்ற இரைகொல்லிப் பறவை மருத்துவமனைக்கு ஈய நஞ்சேறி வரும் வெண்தலைக் கழுகுகள் மான் வேட்டைக் காலத்தை ஒட்டி அதிகரிப்பதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து, அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு நாட்பட்ட ஈய நஞ்சு இருந்ததாகக் கண்டது. 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கிப்போன கலிபோர்னியா கொண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகின் மீட்சிக்குப் பெருந்தடையாக இருப்பதும் ஈயமே. அதனால்தான் கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாக்களை முற்றிலும் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாக்களிலும் ஈயத்தை விலக்கிவிட்டது.

செம்புக் குண்டுக்கு எதிராக வேட்டைக்காரர்கள் சொல்லும் குறைகளில் சில உண்மையானவை. விலை கூடுதல். செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு என்பதால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாகிவிடும். சில பழைய குழல்களில் நீண்ட குண்டு நிலையாகச் சுழலாது. வேகம் குறைந்துவிட்டால், பொதுவாக விநாடிக்கு 1,800 அடிக்குக் கீழே போய்விட்டால், நுனி சரியாக விரியாது. ஆனால் இந்தக் கடைசிக் குறை தொலைதூர வேட்டைக்காரரின் கவலை. நூறு கெஜத்துக்குள் .308 தோட்டாவின் குண்டு விநாடிக்கு 2,500 அடிக்குக் குறையாத வேகத்தில் மோதும்போது, செம்பு தன் நுனியை நான்கு இதழாகப் பூப்போல விரித்துக்கொண்டு, எடையில் ஏறக்குறைய ஒன்றையும் இழக்காமல் மறுபக்கம் வெளியேறுகிறது. மறுபக்கத் துளை இருந்தால்தான் அடர்ந்த புதரில் இரத்தத் தடம் பிடித்து மானை அடைய முடியும். ஆக, செம்பு மிகச் சிறப்பாகச் செயல்படும் தூரமும் எங்கள் காட்டில் நாங்கள் சுடும் தூரமும் ஒன்றே.

செம்புக்கு மாறுபவர்கள் ஈயத்தில் பயன்படுத்திய எடையிலிருந்து ஒரு படி இறங்கலாம். .308இல் 165 கிரெய்ன் ஈயம் சுட்டவருக்கு 130 அல்லது 150 கிரெய்ன் செம்பு தாராளமாகப் போதும். குண்டு இலேசானால் வேகம் கூடும், நீளமும் அளவோடு நிற்கும். .30-30 வைத்திருப்பவர்கள் அந்தக் குறைந்த வேகத்துக்கென்றே அகலக் குழியும் தட்டை நுனியும் கொண்டு செய்யப்பட்ட செம்புக் குண்டைக் கேட்டு வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் பருவத்துக்கு முன் சுடுதளத்துக்குச் சென்று, காகித இலக்கில் சுட்டு, ஸ்கோப்பை (துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிநோக்கியை) திருத்திக்கொள்வது கட்டாயம். ஒரே துப்பாக்கியில் ஈயக் குண்டும் செம்புக் குண்டும் இரண்டு, மூன்று அங்குலம் தள்ளி விழலாம். அருகில் சுடுபவர்கள் இருபத்தைந்து கெஜத்திலும் சுட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருப்பதால் அந்தத் தூரத்தில் குண்டு சற்றுத் தாழ்வாகவே படும்.

பணமோ கையிருப்போ காரணமாக இந்த ஆண்டும் ஈயக் குண்டையே பயன்படுத்தப் போகிறவர்கள் சப்பை எலும்பைத் தவிர்த்து, அதற்குப் பின்னால் விலாவில் சுட வேண்டும். காயத்தைச் சுற்றிக் கணக்குப் பார்க்காமல் வெட்டி எறிய வேண்டும். இரத்தம் கட்டிய எந்தத் துண்டையும் கொத்துக்கறியில் சேர்க்கக் கூடாது. கறி வெட்டித் தரும் கடையில் கொடுத்தால், பிறர் மானோடு கலக்காமல் தங்கள் மானைத் தனியாகக் கொத்தித் தருமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாங்கள் அடுத்த முறை வேட்டை குறித்த கட்டுரை வெளியிடும்போது தோட்டாவின் பெயரோடு குண்டின் வகையையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு கட்டுரையாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மான்கறியை அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கொடுப்பவர்கள் பொட்டலத்தின் மேல் தேதி எழுதுவதோடு, ஈயக் குண்டால் சுட்டதா, செம்புக் குண்டால் சுட்டதா என்பதையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கினால், சிறு குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இருக்கும் வீட்டார் அதை வாங்குவதா, வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
துலூத், மினசோட்டா